தற்காலிகக் கட்டடத்தில் 61 வருஷம்: கான்பெராவில் நாலு நாள்

முதல் நாள், வியாழன்

சிட்னியிலிருந்து கான்பெராவுக்கு பஸ்ஸில் மூன்றரை மணி நேரம் என்றார்கள். எனக்கு ஐந்து ஆனது. பாதி வழியில் ஹீட்டர் நின்றுபோய், டிரைவர் ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டு எதையோ தட்டிக்கொண்டே இருந்தார். மே மாதம் அங்கே குளிர் ஆரம்பித்துவிடும் என்று தங்கை போனில் பத்து தடவை சொல்லியிருந்தாள். நான் கொண்டுவந்தது அரைக்கை ஸ்வெட்டர். அனுபவித்தேன்.

சிட்னியில் யாரிடம் கான்பெரா போகிறேன் என்றாலும், "அங்கே என்ன இருக்கிறது?" என்றுதான் கேட்டார்கள். ஆடு மேய்ந்த இடத்தில் கவர்ன்மென்ட் ஆபீஸாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் என்றார் ஒரு டாக்ஸிக்காரர். 33 வருஷம் தாலுகா ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு அதைவிடப் பார்க்க வேறென்ன வேண்டும்?

ஆடு மேய்ந்த இடம் என்பது உண்மைதான். இந்த ஊர் பிறந்ததே ஒரு பங்காளிச் சண்டையில். 1901இல் ஆறு காலனிகள் ஒன்றாகி ஆஸ்திரேலியா என்ற நாடு உருவானபோது, தலைநகர் எங்களுக்குத்தான் என்று சிட்னியும் மெல்பர்னும் மல்லுக்கு நின்றன. பஞ்சாயத்தின் தீர்ப்பை அரசியல் சாசனத்திலேயே, 125ஆவது பிரிவில் எழுதி வைத்துவிட்டார்கள். தலைநகர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்குள் இருக்கும், ஆனால் சிட்னியிலிருந்து குறைந்தது 100 மைல் தள்ளி. ஊர் தயாராகும்வரை நாடாளுமன்றம் மெல்பர்னில் கூடும். அந்த "தயாராகும்வரை" 26 வருஷம் நீண்டது.

1912இல் உலகப் போட்டி வைத்து, சிகாகோக்காரரான வால்டர் பர்லி கிரிஃபினின் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அழகான படங்களைத் தீட்டியது அவர் மனைவி மரியன் மஹோனி கிரிஃபின். மாப்பிள்ளை இரவுச் சாப்பாட்டில் ரசத்தைக் குடித்துக்கொண்டே இதைச் சொன்னார். நாளைக்கு அவருக்கும் தங்கைக்கும் வேலை, நிலாவுக்குப் பள்ளிக்கூடம். நான் தனியாகப் பழைய நாடாளுமன்றத்துக்குப் போகிறேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலையில் புல் முழுக்க உப்புத் தூவியது போல உறைபனி. மாப்பிள்ளையின் கம்பளிக் கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கை இரண்டு அங்குலம் நீளம்.

கட்டடத்தைப் பார்த்ததும் முதலில் கொஞ்சம் ஏமாற்றம். நாடாளுமன்றம் என்றால் நம் மனதில் கோபுரமோ, கும்மட்டமோ, வட்டமாகத் தூண்களோ இருக்கும். இது தாழ்வாக, நீளமாக, வெள்ளை அடித்த செங்கல் கட்டடம். பெரிய ரயில்வே ஆபீஸ் என்றால் நம்பிவிடலாம். முன்னால் சில படிகள், அப்புறம் சாலை, அதற்கு அப்பால் புல்வெளி. மஞ்சள் கொண்டையை விரித்துக்கொண்டு வெள்ளைக் கிளிகள் புல்லைக் கிளறிக்கொண்டிருந்தன.

எளிமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இது தற்காலிகக் கட்டடம். சுமார் 50 வருஷம் தாங்கினால் போதும், அதற்குள் நிரந்தரமானது வந்துவிடும் என்று சொல்லித்தான் 1923 ஆகஸ்டில் முதல் மண்வெட்டி போட்டார்கள். வடிவமைத்தவர் ஜான் ஸ்மித் மர்டாக், ஸ்காட்லாந்தில் பிறந்த அரசாங்கக் கட்டடக் கலைஞர். கிரிஃபினுக்கு இந்த இடத்தில் இதைக் கட்டுவதே பிடிக்கவில்லை. வீட்டு முன்வாசல் முழுக்கக் கொட்டகைகளைக் கட்டி நிரப்புவது மாதிரி, பிறகு யாரும் இடிக்கவும் மாட்டார்கள் என்ற அர்த்தத்தில் எச்சரித்தாராம்.

மனுஷன் தீர்க்கதரிசி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் ஆபீஸ் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட் இருந்தது. வாசலில் "தற்காலிக ஆவண அறை" என்று எழுதியிருக்கும். நான் ஓய்வு பெற்ற அன்று அதே போர்டுக்குப் புதுசாகப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் கிங்ஸ் ஹால். மெழுகு போட்டுப் பளபளக்கும் மரத்தரை, நடுவில் ஐந்தாம் ஜார்ஜின் வெண்கலச் சிலை. ஒரு பக்கம் போனால் கீழவை, மறுபக்கம் போனால் செனட் என்கிற மேலவை. வழிகாட்ட வந்த அம்மாளுக்கு எழுபது வயது இருக்கும், தன்னார்வலர். இந்த ஹாலுக்குள் பொதுஜனம் சர்வசாதாரணமாக வந்து போகலாம் என்றும், பிரதமரானாலும் மந்திரியானாலும் சபைக்கும் அறைக்கும் இதைக் கடந்துதான் நடக்க வேண்டும் என்றும் சொன்னார். பள்ளிப் பிள்ளைகள், மனு கொண்டுவந்தவர்கள், பத்திரிகைக்காரர்கள், சிகரெட்டோடு எம்.பி.க்கள், எல்லோரும் ஒரே தரையில்.

இந்த ஹாலில் 1951 ஜூன் 13 இரவு ஒரு நடன விருந்து. நாடு ஒன்றாகி 50 வருஷம் ஆனதற்கான பொன்விழா. முன்னாள் பிரதமர் பென் சிஃப்லி, அப்போது எதிர்க்கட்சித் தலைவர், விருந்துக்குப் போகாமல் பக்கத்தில் குராஜாங் ஓட்டல் அறையிலேயே தங்கிவிட்டார். பிரதமராக இருந்தபோதே அதிகாரபூர்வ பங்களாவில் குடியேறாமல் அந்தச் சின்ன அறையிலிருந்து நடந்தே வேலைக்கு வந்தவர், முன்பு ரயில் எஞ்சின் டிரைவர். அன்றிரவு மாரடைப்பில் இறந்துபோனார். செய்தி வந்ததும் பிரதமர் மென்சீஸ், பரம அரசியல் எதிரி, இசையை நிறுத்தச் சொல்லி, இந்தத் தரையில் நின்றுதான் அறிவித்தார். விருந்து அத்தோடு முடிந்தது. அந்த அம்மாள் இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்குக் காலடியில் இருந்த தரை வேறு மாதிரி தெரிந்தது.

கீழவை பச்சை, செனட் சிவப்பு. லண்டன் வழக்கம். கீழவை நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னது, நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் பாதிகூடத் தேறாது. 1927இல் 75 பேர் சொச்சம் உட்கார்ந்த இடத்தில் கடைசிக் காலத்தில் 148 பேர். மாடத்திலிருந்து பார்த்தபோது கீழே ஒரு பள்ளிக் கூட்டம் விவாதம் நடத்திக்கொண்டிருந்தது. ஒரு பையன் பிரதமராக இருந்து எழுந்து பேச, எதிர் வரிசை மொத்தமும் "ஊ" என்று கத்தியது. அதில் மட்டும் பயிற்சி தேவைப்படவில்லை.

சபாநாயகர் நாற்காலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்காலி என்பதைவிடச் சின்னத் தேர் என்று சொல்லலாம், அவ்வளவு உயரம், மேலே விதானம், உடம்பெல்லாம் செதுக்கல். லண்டன் நாடாளுமன்றத்தில் இருந்த நாற்காலியின் அச்சு அசல் நகல், அங்கிருந்து வந்த பரிசு. இதற்குள் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் கூரையின் ஓக் மரமும், ஆங்கிலக் கடற்படைத் தளபதி நெல்சனின் விக்டரி கப்பல் மரமும் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன. 1941இல் ஜெர்மன் குண்டு விழுந்து லண்டன் சபை எரிந்தபோது மூல நாற்காலி சாம்பலானது. நகல் மட்டும் பூமியின் மறுபக்கத்தில் பத்திரமாக இருந்தது. போருக்குப் பிறகு ஆஸ்திரேலியா தன் நாட்டுக் கறுப்பு பீன் மரத்தில் ஒரு நாற்காலி செய்து லண்டனுக்கு அனுப்பியது. அதில்தான் இன்றைக்கும் அங்கே சபாநாயகர் உட்காருகிறார். தாய்வீட்டுச் சீருக்கு மறுசீர்.

மற்ற அறைகளை வேகமாகப் பார்த்தேன். பிரதமர் அறை, 1988இல் நாடாளுமன்றம் புதுக் கட்டடத்துக்கு மாறியபோது பாப் ஹாக் விட்டுப்போன கோலத்தில் இருக்கிறது. மேலே பத்திரிகையாளர் பகுதிதான் எனக்குச் சொந்த ஊர் மாதிரி இருந்தது. மேஜைக்கு மேஜை முட்டிக்கொண்டு, டைப்ரைட்டர், கறுப்பு டெலிபோன், காகிதக் குவியல். சுமார் 300 பேருக்காகக் கட்டிய கட்டடத்தில் கடைசியில் 3,000 பேர் வேலை பார்த்தார்களாம். முற்றத்தில் ஒட்டுவேலை, பக்கத்தில் ஒட்டுவேலை என்று நீட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து, தங்கை கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டேன். இந்தப் படியில் நடந்த கதை இல்லாமல் இந்தக் கட்டடத்தின் கதை இல்லை.

1975 நவம்பர் 11. பிரதமர் கஃப் விட்லமின் தொழிற்கட்சிக்குக் கீழவையில் பெரும்பான்மை உண்டு, செனட்டில் இல்லை. அரசாங்கச் செலவுக்கான நிதி மசோதாவை எதிர்க்கட்சி செனட்டில் அக்டோபரிலிருந்து நிறுத்தி வைத்திருந்தது. செனட்டின் பாதிக்குத் தேர்தல் வைக்கலாம் என்று கேட்கப் பகல் ஒரு மணி வாக்கில் விட்லம், ராணியின் பிரதிநிதியான கவர்னர் ஜெனரல் சர் ஜான் கெர் மாளிகைக்குப் போனார். கையில் கிடைத்தது பதவிநீக்கக் கடிதம். கெரை அந்தப் பதவிக்குச் சிபாரிசு செய்தவரே விட்லம்தான். எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் ஃபிரேசர் அதே மாளிகையில் இன்னொரு அறையில் காத்திருந்தார். அவர் காபந்துப் பிரதமரானார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. விட்லம் வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டார். தன் கட்சியின் செனட்டர்களுக்கு விஷயத்தைச் சொல்லவே இல்லை. அவர்கள், எதிர்க்கட்சி கடைசியில் இறங்கி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நிதி மசோதாவை நிறைவேற்றிக் கொடுத்தார்கள். நிறைவேறிய பணம் ஃபிரேசர் கைக்குப் போனது. கீழவை உடனே ஃபிரேசர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டு, அதைக் கவர்னர் ஜெனரலிடம் சொல்லச் சபாநாயகரை அனுப்பியது. கெர் அவரைச் சந்திக்கக் கொடுத்த நேரம் மாலை 4:45. அதற்குள் நாடாளுமன்றத்தைக் கலைக்கும் உத்தரவில் கையெழுத்து ஆகிவிட்டது. ஆளைக் காக்க வைத்துவிட்டு உள்ளே காரியத்தை முடிக்கிற வித்தை எங்கள் ஆபீஸிலும் உண்டு. இவ்வளவு பெரிய அளவில் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

கவர்னர் ஜெனரலின் செயலாளர் டேவிட் ஸ்மித் இந்தப் படியில் நின்று கலைப்பு அறிவிப்பைப் படித்தார். கூட்டத்தின் கூச்சலில் அவர் குரல் அமுங்கிப்போனது. பின்னால், அவர் தோளுக்கு மேலே தலை தெரிய, விட்லம். படித்து முடித்து "கடவுள் ராணியைக் காப்பாற்றட்டும்" என்றதும் விட்லம் மைக்கைப் பிடித்தார். "கடவுள் ராணியைக் காப்பாற்றட்டும் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம், ஏனென்றால் கவர்னர் ஜெனரலை எதுவும் காப்பாற்றப் போவதில்லை" என்றார். இந்த வாக்கியம் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது. இவ்வளவு பேசியும், டிசம்பர் 13 தேர்தலில் ஜனங்கள் ஃபிரேசரைத்தான் பெரிய பெரும்பான்மையோடு ஜெயிக்க வைத்தார்கள். வயதான காலத்தில் விட்லமும் ஃபிரேசரும் நண்பர்களானது தனிக்கதை.

ஆட்சிக் கலைப்பு என்றால் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இது நடந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1976 ஜனவரி 31இல், சென்னையில் ஒரு ஆட்சி கலைந்தது. அப்போது நான் அரைக்கால் சட்டை போட்ட பையன். அப்பா ரேடியோவை அணைக்காமல் உட்கார்ந்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் நாள், சனி

இன்றைக்கு நிலாவும் வந்தாள். ஆறாம் வகுப்பு. "மாமா, நேத்து உள்ளே பார்த்தீங்க, இன்னைக்கு எதிரே இருக்கிறதைப் பார்க்கணும்" என்று கூட்டிப்போனாள். நேற்று நான் கிளிகளைப் பார்த்த அதே புல்வெளி.

கூடாரங்கள், தகரம் அடித்த ஒரு சின்னக் கட்டடம், கொடிகள், "இறையாண்மை" என்று ஆங்கிலத்தில் ஆள் உயர எழுத்துகள், நடுவில் புகையும் நெருப்பு. பழங்குடி மக்களின் கூடாரத் தூதரகம். 1972 ஜனவரி 26 அன்று நான்கு இளைஞர்கள் வந்து, கடற்கரையில் விரிக்கிற குடை ஒன்றை நாடாளுமன்றத்துக்கு நேரெதிரே நட்டு உட்கார்ந்தார்கள். முதல் நாள்தான் பிரதமர் மக்மஹோன், உங்களுக்கு நில உரிமை கிடையாது, வேண்டுமானால் குத்தகை தருகிறோம் என்று அறிவித்திருந்தார். சொந்த மண்ணிலேயே நாங்கள் வெளிநாட்டார் என்றால் எங்களுக்கும் தூதரகம் வேண்டும்தானே? அதுதான் பெயர்க்காரணம். புல்வெளியில் கூடாரம் அடிக்கக் கூடாது என்று அப்போது சட்டமே இல்லை என்பதைப் பிறகுதான் அரசாங்கம் கண்டுபிடித்தது. சட்டத்தை அவசரமாகப் போட்டு, ஜூலையில் போலீஸை அனுப்பிப் பிய்த்தெறிந்தார்கள். திரும்பத் திரும்ப வந்து, 1992 முதல் போகாமல் இருக்கிறார்கள். எதிரே இருந்த நாடாளுமன்றம் மேட்டுக்குக் குடிபோய்விட்டது. தற்காலிகக் கூடாரம் அங்கேயே இருக்கிறது.

2021 டிசம்பரில் வேறொரு போராட்டக் கூட்டம் வைத்த நெருப்பில் பழைய நாடாளுமன்றத்தின் முன்கதவும் முகப்பும் எரிந்தன. அது எங்கள் வேலை இல்லை என்று கூடாரத் தூதரகத்தின் மூத்தவர்கள் சொன்னார்கள். கதவைப் பிறகு செப்பனிட்டார்கள்.

நெருப்பருகே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் நிலா அனுமதி கேட்டாள். கோட்டுக்குள் ஒளிந்திருந்த என் விரல்களைப் பார்த்துச் சிரித்து, கிட்டே வரச் சொன்னார். யூகலிப்டஸ் கட்டை எரிகிற வாசனை, ஊரில் ஜலதோஷத்துக்கு ஆவி பிடித்த மாதிரி மூக்கைத் திறந்துவிட்டது.

இந்த எதிரெதிர் நிற்பது 1972இல் ஆரம்பித்ததும் இல்லை. 1927 மே 9, கட்டடத் திறப்பு விழா. யார்க் கோமகன், பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரானவர், தங்கச் சாவியால் கதவைத் திறந்தார். பாடகி நெல்லி மெல்பா படியில் நின்று பாடினார். ஒரு விமானப்படை விமானம் விழுந்து விமானி இறந்தார். எதிர்பார்த்த கூட்டம் வராததால் மிஞ்சிய சாப்பாட்டைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில் ஜிம்மி கிளெமென்ட்ஸ் என்ற விராஜூரி இனத்து முதியவர் வந்து நின்றார். டியூமட் பக்கத்து மலைப்பகுதியிலிருந்து மலை ஏறி இறங்கி நடந்தே வந்தவர். பழைய கோட்டு, வெறும் கால், கூட நாய்கள். உடுப்பு சரியில்லை என்று ஒரு போலீஸ்காரர் விரட்டப் பார்த்தார். கூட்டத்தில் இருந்தவர்கள் கிழவர் பக்கம் நின்று சத்தம் போட, போலீஸ் விட்டுவிட்டது. மறுநாள் கோமகனுக்கும் கோமகளுக்கும் முன்னால் போய் நின்று மரியாதை செய்தார். இந்த மண்ணுக்கு உரிமைக்காரன் நான் என்பது அவர் பக்கத்துப் பேச்சு. அதே வருஷம் ஆகஸ்டில் இறந்துபோனார்.

பழங்குடி மக்களுக்கு உள்ளே ஒரு இடம் கிடைக்க இன்னும் 44 வருஷம். 1971இல் நெவில் பானர் செனட்டரானார், பழங்குடியினரில் முதல் எம்.பி. பெண்களும் வரிசையில் நின்றார்கள். தேர்தலில் நிற்கலாம் என்று 1902இலேயே சட்டம் வந்தும், முதல் இரண்டு பெண்கள், ஈனிட் லயன்ஸும் டாரத்தி டாங்னியும், நுழைந்தது 1943இல்.

பக்கத்து ரோஜாத் தோட்டத்தில் இந்தப் பருவத்தின் கடைசிப் பூக்கள் நாலைந்து மட்டும். நிலா பசி என்றாள். போய்விட்டோம்.

நாலாம் நாள், ஞாயிறு

புது நாடாளுமன்றம் 1988 மே 9இல் திறந்தது. முதல் நாடாளுமன்றம் 1901இல் மெல்பர்னில் கூடியதும் மே 9, பழைய கட்டடம் திறந்ததும் மே 9. நம்மைவிடப் பெரிய நாள்-நட்சத்திரக்காரர்கள் போலிருக்கிறது.

குன்றின் தலையை வெட்டி, கட்டடத்தை உள்ளே வைத்து, மேலே மறுபடி புல்லைப் போர்த்தியிருக்கிறார்கள். உச்சியில் 81 மீட்டர் கொடிக்கம்பம். ஜனங்கள் தங்கள் பிரதிநிதிகளின் தலைக்கு மேலே நடக்கலாம் என்பதுதான் கட்டடக் கலைஞர் ஜுர்கோலாவின் எண்ணம். 2017இல் பாதுகாப்புக்காக அந்தப் புல்சரிவுக்குக் குறுக்கே வேலி வந்துவிட்டது. உள்ளே எல்லாம் பிரமாண்டம், பளிங்கு, அமைதி. மந்திரிகளுக்குத் தனி வாசல், தனிப் பகுதி. கிங்ஸ் ஹாலில் பிரதமர் மேல் தெரியாமல் இடித்துக்கொள்ள முடிந்தது. இங்கே இடிக்கப் பிரதமர் கிடைக்க மாட்டார். எனக்கு மனது ஒட்டவில்லை.

ஒட்டிய இடம் ஒன்று உண்டு. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய இங்கிலாந்துச் சாசனமான மேக்னா கார்ட்டாவின் 1297ஆம் வருஷத்துப் பிரதி இங்கே இருக்கிறது, 1952இல் 12,500 பவுனுக்கு வாங்கியது. நிலா அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இதை விடுங்க, அங்கே வாங்க" என்று மரப்பட்டை மனுக்களுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டில் யிர்கலா என்ற ஊரைச் சேர்ந்த யோல்ங்கு மக்கள், தங்கள் நிலத்தை பாக்ஸைட் சுரங்கத்துக்காகக் கேட்காமலே எடுத்துக்கொண்டதை எதிர்த்து 1963 ஆகஸ்டில் அனுப்பியவை. டைப் அடித்த காகிதம், ஒரு பகுதி அவர்கள் மொழியில், ஒரு பகுதி ஆங்கிலத்தில். அதை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிலும் காவியும் வெள்ளையும் கறுப்புமாக மீன், ஆமை, உடும்பு. ஓரத்துச் சித்திரம் அலங்காரம் இல்லை, அதுதான் அவர்களுடைய பட்டா என்று பக்கத்திலிருந்த காப்பாளர் விளக்கினார். எந்தக் குலத்துக்கு எந்த மண் என்பது அந்தக் கோடுகளில் இருக்கிறது.

முதல் மனு போனதும் அமைச்சர் தரப்பில் சந்தேகம் கிளப்பினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் சின்ன வயதுக்காரர்கள், இவர்கள் எப்படி எல்லோருக்காகவும் பேச முடியும் என்று. அந்த மக்கள் சளைக்கவில்லை. பெரியவர்களின் கைநாட்டுகளோடு அதே மாதத்தில் இரண்டாவது மனு வந்தது.

கைநாட்டு என்றதும் எனக்கு என் மேஜை ஞாபகம் வந்துவிட்டது. ஊதா மைப் பெட்டி, துடைக்க ஒரு பழந்துணி, "கட்டைவிரலை உருட்டிப் பதிங்கம்மா" என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை. எத்தனை மனுக்களை, இது செல்லாது, சாட்சி கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பேன். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நான் நின்றது கொஞ்ச நேரம் அதிகம்தான். நிலா கோட்டை இழுத்தாள்.

சுரங்கம் நிற்கவில்லை. கோர்ட்டுக்குப் போய் 1971இல் தோற்றார்கள். அந்தத் தோல்விக்குப் பின்னால் வந்ததுதான் மக்மஹோனின் குத்தகை அறிவிப்பும், கடற்கரைக் குடையும். வடக்குப் பிரதேசத்துக்கான நில உரிமைச் சட்டம் 1976இல் வந்தது. மசோதாவை ஆரம்பித்தது விட்லம் அரசாங்கம், நிறைவேற்றியது அவர் இடத்துக்கு வந்த ஃபிரேசர் அரசாங்கம். பழைய கட்டடத்தில்.

சாயங்காலம் மாப்பிள்ளை காரில் ஐன்ஸ்லி மலைக்குக் கூட்டிப்போனார். கிரிஃபின் போட்ட கோடு அங்கிருந்து தெரிகிறது. போர் நினைவகம், அகலச் சாலை, ஏரி, அதற்கு அப்பால் வெள்ளைச் சோப்புக் கட்டி மாதிரி பழைய நாடாளுமன்றம், அதன் தலைக்கு மேலே கொடிக்கம்பம். புதுசு வந்ததும் பழையதை இடித்துவிடலாம் என்ற பேச்சு இருந்ததாம். இடித்திருந்தால் கோடு இன்னும் சுத்தமாக இருந்திருக்கும். சுத்தமாக மட்டும்தான் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து, இட்லிக்கு நடுவில் நிலா நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பள்ளி மைதானத்தில் இன்னொரு குடிதண்ணீர்க் குழாய் வேண்டுமாம், தலைமை ஆசிரியைக்கு மனு எழுத வேண்டுமாம். "நீங்கதான் மனு ஆபீஸ்ல இருந்தீங்களே, எழுதித் தாங்க." 33 வருஷத்தில் நான் மனு வாங்கியிருக்கிறேன், முத்திரை குத்தியிருக்கிறேன், திருப்பியிருக்கிறேன். ஒன்றுகூட எழுதியதில்லை.

மேல்பாதி ஆங்கிலம் அவள் எழுதினாள். கீழ்ப்பாதி தமிழ் என் பொறுப்பு. "பெறுநர்" வரைக்கும் சண்டை இல்லை. "பணிந்து கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதினேன். பணிந்து என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். "கேட்டுக்கொள்கிறோம் மட்டும் போதும் மாமா" என்று அடித்துவிட்டாள். ஓரத்தில் இப்போது ஒரு ஆமை வரைந்துகொண்டிருக்கிறாள்.